பேசாச்சாமிக்கு முளைத்த மீசை

முத்தாத்தாளிடம் யாராவது இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னால், உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்துதான் ஆமாம் என்பாள். அதற்கும் முன்னால் காலண்டர் இந்த வருஷத்துதானா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். மழை வரும் என்று டிவியில் சொன்னால் வானத்தைப் பார்ப்பாள். வானம் கறுத்துக் கிடந்தால் அதையும் நம்ப மாட்டாள். களத்தில் காயப்போட்ட கொப்பரை முழுக்க நனைந்த பிறகு வானத்தை நிற்க வைத்துத் திட்டுவாள்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற சாலையை விட்டு இறங்கி உள்ளே போனால் செம்மேட்டுப்பதி. அங்கே தென்னந்தோப்பும் ரெண்டு கறவை மாடும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய்க் குடித்தனம் நடத்துகிறவள் அவள். அறுபதை நெருங்கிவிட்டாள். மகன் கவின் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் போனில் "சாப்பிட்டேம்மா" என்றால் என்ன குழம்பு என்று கேட்பாள். குழம்பைச் சொன்னால் எந்தக் கடை என்று கேட்பாள். பாவம், பையன் வாரத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுகிறான் என்றால் அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். சூலூரில் அப்பாவின் தறிக்கூடத்துச் சத்தத்தில் வளர்ந்தபோது யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற பெண்ணாகத்தான் இருந்தாள். கட்டிக்கொண்டு வந்த பிறகும் ரொம்ப வருஷம் அப்படித்தான். எல்லாம் மாறியது அந்த ஒரு நாளில்.

அன்றைக்கு அவள் அம்மா வீட்டு விசேஷத்துக்காகச் சூலூர் போயிருந்தாள். மத்தியானம் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. புருஷனின் பங்காளி நஞ்சுண்டன் இறங்கினான். கொழுந்தன் முறை. அண்ணியை நங்கையா என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம்.

"அண்ணனுக்குக் கொஞ்சம் முடியலீங்க நங்கையா. ஒண்ணுமில்லீங்க. வாங்க, போயிட்டு வந்துரலாம்."

வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் அவனும் "நல்லாத்தான் இருக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கார் ஊருக்குள் திரும்பியது. வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் ரூமில் கரண்ட் அடித்துக் காலையிலேயே போய்விட்டிருந்தார் மனுஷன். ஊர் முழுக்கத் தெரியும், சூலூரில் அவளுடைய அம்மாவுக்குக்கூடத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் மறைத்தார்கள். இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குப் பிறகு முத்தாத்தாள் மனுஷர் வாயிலிருந்து வருகிற எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் நம்பிய ஒரே ஆள் தோப்புக்குள் இருந்தார். அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை, அதனால்தான் நம்பினாள்.

தோப்பின் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல். அதில் சம்மணம் போட்டு, மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். நகை இல்லை, ஆயுதம் இல்லை, மீசை இல்லை. காது மட்டும் தோள் வரைக்கும். தலைக்கு மேலே கல்லிலேயே அடுக்கடுக்காக ஏதோ செதுக்கியிருக்கும். தட்டு என்பார்கள் சிலர், குடை என்பார்கள் சிலர். பேர் பேசாச்சாமி. அவர் முன்னால் யாருக்கும் அருள் வராது. குறி கேட்க முடியாது, பூப்போட்டுப் பார்க்க முடியாது. பொழுது சாய்வதற்குள் விளக்கு வைத்துப் பொங்கலைப் படைத்து, இருட்டுவதற்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தோப்புக்குள் ரத்தம் விழக்கூடாது. இதுதான் சட்டம்.

ரத்தச் சமாச்சாரத்தில் அந்தக் குடும்பம் ரொம்பக் கறார். தோப்பு வேலிக்கு வெளியே இட்டேரிப் பாதையில் கருப்பராயன் இருக்கிறார். அவருக்கு வருஷா வருஷம் கெடா உண்டு. வெட்டுகிற நேரத்தில் பேசாச்சாமி பார்த்துவிடாதபடி தோப்பு வாசலில் வெள்ளை வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்த மருமகள்தான் பிடிக்க வேண்டும். முத்தாத்தாள் கல்யாணமான வருஷத்திலிருந்து பிடிக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. எல்லாவற்றையும் குடைகிறவள் அதை மட்டும் குடையவில்லை.

புருஷன் போன பிறகு தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்காருவாள். நல்லாத்தான் இருக்காரு, கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லாத சாமி. அதைவிட ஆறுதல் அவளுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஹுமேரா வந்து சேர்ந்தாள்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டுப் பெண். காலேஜில் ஆராய்ச்சிப் படிப்பு. அப்பா அப்துல் வஹீது அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். தலையில் முக்காடு, தோளில் பை, காலில் செம்மண். தோப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "ஏனுங்க பெரீம்மா, உங்க சாமியைப் பார்க்கலாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க சாமிகிட்ட உனக்கென்ன கண்ணு வேலை? உங்க சாமி வேற தானே?"

"மதமெல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு படிக்கிறேனுங்க."

"அதுக்கு எந்தோப்புக்கா வரோணும்?"

பெண் சிரித்துவிட்டாள். முத்தாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டால் ஆபத்து, விடாவிட்டால் என்ன திட்டத்தோடு வந்தாள் என்று தெரியாமலே போய்விடும். கடைசியில் விட்டாள், பின்னாலேயே போனாள்.

ஹுமேரா கல்லின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தாள். பிறகு எழுந்து, "இவரு சமணருங்க பெரீம்மா. தீர்த்தங்கரர்னு சொல்வாங்க. மகாவீரரா இருக்கலாம்" என்றாள். தோளில் துணி மடிப்பு இருந்தால் புத்தர் என்று நினைத்திருப்பாளாம். இவருக்குத் துணியே இல்லை, தலைக்கு மேலே இருப்பது முக்குடை. சிலைக்கு ஆயிரம் வயசு இருக்கும். ஆனால் மகாவீரர் காலம் அதற்கும் வெகு முந்தி, ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால், கங்கைப் பக்கம். புத்தரும் ஏறக்குறைய அதே காலத்து ஆள்.

"யாகத்துல ஆட்டையும் மாட்டையும் பலி குடுத்துட்டிருந்த காலமுங்க. ரெண்டு பேருமே அது வேண்டாம்னாங்க. ஊட்டை விட்டுக் கிளம்பி நடந்தாங்க. கேட்டவங்க நாலு பேரு பின்னால நடந்தாங்க. அப்புறம் நாப்பது பேரு. யாவாரிக கூடவே நடந்து, பாலக்காட்டுக் கணவாய்ப் பாதையில நம்ம பக்கமும் வந்திருப்பாங்க. ஆரம்பத்துல எந்த மதமுமே அவ்வளவுதானுங்க. எங்க நபிகள் மக்காவுல முதல்ல சொன்னப்ப, முதல்ல நம்புனது அவங்க ஊட்டுக்காரம்மாதான். ஊரே சந்தேகப்பட்டுச்சு."

"பொண்டாட்டி நம்புனாளா? அதிசயந்தான்" என்றாள் முத்தாத்தாள்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. ஹுமேரா அடுத்ததையும் சொன்னாள். "இவங்க சாமியாருக பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டாங்க. விளக்குல பூச்சி விழுந்து செத்துருமுன்னு. உயிருக்கு அவ்வளவு பாவம் பார்ப்பாங்க."

முத்தாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது இந்த வீட்டுச் சட்டம். வேலிக்கு வெளியே இருக்கிற ஆளுக்கு இது எப்படித் தெரியும்? புத்தகத்தில் இருக்கிறது என்று அவள் சொன்னால் நம்புகிற ஆளா இவள்? யாரோ உளவு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்! அந்தப் பெண் எவ்வளவு சரியாகச் சொன்னாளோ அவ்வளவுக்கு இவள் சந்தேகம் ஏறியது.

"போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேனுங்க."

"அழிச்சுப்போடு. எம்முன்னால அழி."

ஹுமேரா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஒவ்வொன்றாக அழித்தாள். போகும்போது போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். அதையும் முத்தாத்தாள் ஒரு தடவை அடித்து, மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் நஞ்சுண்டன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தான். "போச்சுங்க நங்கையா. சமணச் சிலைன்னு எழுதிப்போட்டாங்கன்னா மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. இல்லாட்டித் தோப்பைச் சுத்திக் கம்பி வேலியைப் போட்டு, போர்டு வெச்சு, உங்களையே உள்ள உட மாட்டாங்க."

அவனையும் அவள் நம்பவில்லைதான். ஆனாலும் பயம் உட்கார்ந்துவிட்டது. கோழி கத்தினால் லாரி வந்துவிட்டதோ என்று எழுந்தாள். பேசாச்சாமி இல்லாத தோப்பை நினைத்துப் பார்த்தாள். அங்கே போய் எங்கே உட்காருவாள்? அந்த நினைப்பே தாங்க முடியவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். சமணர் என்று எதை வைத்துச் சொன்னாள்? மீசை இல்லை, ஆயுதம் இல்லை, அதை வைத்துத்தானே? அப்படியென்றால் வைத்துவிட்டால் போயிற்று!

அதற்கு ஊர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. மறுநாள் காலை பால் சொசைட்டியில், கேனை இறக்கி வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "ராத்திரி கனவுல பேசாச்சாமி வந்துச்சு. நான் முனியப்பன், எனக்கு மீசையும் அருவாளும் வெய்யின்னு கேட்டுச்சு."

ஒருத்தராவது நெசமாவா என்று கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. "சாமி கேட்டுப்போட்டா வெக்கோணுமுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஊரையே சந்தேகப்பட்டவளை ஊர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

கோயில் சுதை வேலை செய்கிற ராமுலு வந்தார். சிமெண்டைக் குழைத்து, முறுக்கின மீசை ஒன்றை மேலுதட்டில் ஒட்டினார். மடியில் கிடந்த கைமேல் அரிவாள் ஒன்றைச் சாத்தினார். முக்குடையைப் பூசித் தலைப்பாகையாக்கினார். சிவப்பும் கறுப்பும் அடித்து, கண்ணைப் பெரிதாக எழுதிவிட்டு, "ஜம்முனு இருக்காருங்க" என்றார். முத்தாத்தாள் பார்த்தாள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் இப்போது அவளையே முறைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் அங்கே உட்கார முடியாமல் விளக்கை மட்டும் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஹுமேரா வந்தாள். பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"யாருங்க பெரீம்மா இது?"

"முனியப்பன்."

"எப்பயிருந்துங்க?"

"எப்பவும் முனியப்பந்தான்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். லாரியும் வரவில்லை, அதிகாரியும் வரவில்லை. ஜெயித்துவிட்டதாக முத்தாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

வினை வேலிக்கு உள்பக்கத்திலிருந்து வந்தது. நஞ்சுண்டன் புதிதாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டது. தண்ணீர் வந்தால் முனியப்பனுக்குக் கெடா வெட்டுவதாக அவன் வேண்டியிருந்தானாம். எந்த முனியப்பனுக்கு? வேறெந்த முனியப்பன் இருக்கிறார்? பொள்ளாச்சிச் சந்தையில் கறுப்புக் கெடா ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

"தோப்புக்குள்ள ரத்தம் ஆகாது தம்பி."

"அது பேசாச்சாமியா இருந்தப்பங்க. இப்பத்தான் முனியப்பன்னு உங்ககிட்டயே சொல்லிப்போட்டாரே! முனியப்பனுக்குப் பொங்கலை வெச்சா ஏத்துக்குவாரா?"

அவன் பேச்சில் துளிகூடச் சூது இல்லை. சூது எல்லாம் அவளுடையது.

அன்றைக்கே ஹுமேராவுக்குப் போன் போட்டாள். "நீ வந்து சொல்லு கண்ணு. இவரு மகாவீரருன்னு, வெட்டக்கூடாதுன்னு நீ வந்து சொல்லு" என்று அழுதாள்.

"நான் வந்து சொன்னா யாரு பெரீம்மா நம்புவாங்க? நீங்களே நம்பலையே. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

கெடா வெட்டு நாள் வந்தது. மத்தியான வெயில். தோப்புக்குள் ஊர் கூடியிருந்தது. மாலை போட்டு நிறுத்தின கெடாவின் மேல் நஞ்சுண்டன் மஞ்சள் தண்ணீரை ஊற்றினான். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக்கூடாது.

ஆடு சிலுப்பவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. மறுபடியும் ஊற்றினார்கள். அப்போதும் நின்றது. முத்தாத்தாளுக்கு மூச்சு வந்தது. சாமியே, நீயே காப்பாற்றிவிடு, என்னைப் பேச வைக்காதே என்று வேண்டிக்கொண்டாள். அது சிலுப்பாவிட்டால் கெடாவும் பிழைக்கும், அவள் மானமும் பிழைக்கும். ஊரே ஆட்டைப் பார்த்தது, அவள் மட்டும் அந்தப் பெரிய கண்ணைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா ஊத்துங்கப்பா" என்றார் யாரோ.

மூன்றாம் தடவை ஊற்றியதும் ஆடு தலையிலிருந்து வால் வரைக்கும் படபடவென்று சிலுப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். அரிவாள் மேலே போனது.

"நிறுத்துங்க!"

முத்தாத்தாள் ஆட்டுக்கும் அரிவாளுக்கும் நடுவில் நின்றாள். "எனக்குக் கனவே வரலீங்க. நான் பொய் சொன்னேன். சாமியைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து நாந்தான் மீசை வெச்சேன். இவரு முனியப்பன் இல்ல. இவரு ஆடு வெட்டாதீங்கன்னு சொன்னவரு. அந்த முஸ்லிம் பொண்ணு சொன்னது நெசம். நம்ம சட்டமெல்லாம் அவரு சட்டந்தான்."

நஞ்சுண்டன் அரிவாளை இறக்கவில்லை. "அன்னைக்குச் சொன்னது நெசமுங்களா, இன்னைக்குச் சொல்றது நெசமுங்களா நங்கையா? எதை நாங்க நம்பறது?"

அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவனைப் பார்த்துச் சொன்னாள். "நீயுந்தான் தம்பி அன்னைக்குச் சூலூர்ல இருந்து வழி முச்சூடும் நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னே. எனக்கு வலிக்கக் கூடாதுன்னு சொன்னே. நான் இவரு போயிரக் கூடாதுன்னு சொன்னேன். ரெண்டுமே பொய்தான். நான் உன்னை நம்பாம இத்தனை வருசம் இருந்துபோட்டேன். நீயும் என்னை நம்ப வேண்டாம். ஆனா இங்க வெட்டாதே."

நஞ்சுண்டன் அவளையே பார்த்தான். அவன் கண் கலங்கிப் போயிற்று. ஆட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே, கருப்பராயனிடம் போனான். கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனது. பொய்க்காரி என்று ஒரு குரல் நன்றாகவே கேட்டது.

முத்தாத்தாள் மோட்டார் ரூமிலிருந்து கொத்துக்கரண்டியை எடுத்து வந்தாள். மீசையை மெல்லத் தட்டினாள். பாதி பெயர்ந்து விழுந்தது, மீதியைச் சுரண்டினாள். பிறகு திரை வேட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மறுமுனை பிடிக்க ஆள் வரவில்லை. அதைக் கல்தூணில் கட்டிவிட்டு, இந்த முனையைத் தான் பிடித்துக்கொண்டு, வெளியே சத்தம் அடங்கும் வரைக்கும் கை வலிக்க நின்றாள்.

ஹுமேரா பிறகு வந்தாள். அரிவாளும் தலைப்பாகையும் போய்விட்டிருந்தன. கண்ணில் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது, மேலுதட்டில் சிமெண்ட் தழும்பு ஒன்று போகவே இல்லை. "போட்டோ எடுத்துக்கோ கண்ணு, வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோ" என்றாள் முத்தாத்தாள். எடுத்து முடித்ததும், "எங்கே காட்டு, என்ன எடுத்தேன்னு பாக்கோணும்" என்று போனை வாங்கிப் பார்த்தாள். சுபாவம் ஒரே நாளில் போய்விடுமா?

ஆனால் ஊரின் சுபாவம் மாறிவிட்டது. மழை வரும்போல இருக்கிறது என்று அவள் சொன்னால், இப்போது ஊர் வானத்தைப் பார்க்கிறது. போன வாரம் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, சீக்கிரம் ஊத்திக்கோ சாமி, பொழுதோட விளக்கு வெக்கோணும்" என்றாள். பால் அளக்கிறவன் எழுந்து உள்ளே போனான். காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாங்க" என்றான்.